செயின் வீலை மாற்றுவதற்கு முன்

ஒரு காலத்தில் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், துரை வருகிறார், இல்லாவிட்டால் டாக்டர் ஐயா வருகிறார் என்று அர்த்தம். இப்போது லயத்து வாசலில் ஒன்று, கோயிலடியில் இரண்டு என்று பைக் நிற்கிறது. பிள்ளையை ஸ்கூலில் விடுவதும், காஸ் சிலிண்டரை டவுனிலிருந்து ஏற்றி வருவதும், இராத்திரியில் யாருக்காவது முடியாமல் போனால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் இதில்தான். லீசிங் கட்டிக்கொண்டு வைத்திருக்கிற வண்டி. அது நின்றால் வீட்டில் பாதி வேலை நின்றுவிடும்.

நாங்கள் டிவிசன் டிவிசனாகப் போகும்போது தம்பிமார் அடிக்கடி சொல்கிற ஒரு விஷயம் உண்டு. “ஐயா, பைக் ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. செயின் வீலை மாத்தினா சரியாகும்னு கராஜ்ல சொல்றாங்க. மாத்தலாமா?” மாற்றலாம். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. பாதிப் பேருக்கு வீலை மாற்றும் தேவையே வராது என்பது எங்கள் அனுபவம்.

முதலில் இந்தப் பல் கணக்கைப் புரிந்து கொள்வோம். எஞ்சின் பக்கத்தில் சின்னப் பல்வீல் ஒன்று, பின் டயர் பக்கத்தில் பெரிய பல்வீல் ஒன்று, இரண்டையும் சேர்த்து ஓடுவது செயின். கடையில் இந்த வீலை ஸ்பிராக்கெட் என்பார்கள். முன்னே 14 பல், பின்னே 42 பல் என்று வைத்துக் கொள்ளுங்கள். 42ஐ 14ஆல் பிரித்தால் 3. அதாவது முன் வீல் 3 சுற்றுச் சுற்றினால் பின் டயர் 1 சுற்றுச் சுற்றும். முன்னே 13 பல் போட்டால் கணக்கு 3.23 ஆகிறது. டயரின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். அதனால் வேகம் குறையும், இழுவை கூடும்.

கொழுந்துக் கூடை நிறைந்திருக்கும்போது மலையில் எப்படி ஏறுகிறோம்? எட்டி எட்டி வைத்தால் மூச்சு வாங்கும். சின்னச் சின்ன அடியாக வைத்தால் ஏறிவிடலாம். பல் கணக்கும் அதே மாதிரிதான். முன் வீலில் பல் குறைந்தால் சின்ன அடி, கூடினால் பெரிய அடி.

100 சி.சி. வண்டிகளின் பல் கணக்கைக் கம்பனிக்காரர் பெரும்பாலும் சமதரையில் பெற்றோல் மிச்சம் பிடிக்கிற மாதிரித்தான் வைத்திருக்கிறார்கள். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868 மீட்டர். நம்முடைய தோட்டத்து ரோட்டோ அதைவிட மோசம். மேட்டு லயத்துக்கு ஏறும் கல் ரோட்டில் முதல் கியரிலேயே முனகிக்கொண்டு போகிற வண்டிகள் எத்தனை! அதிலும் புருஷன், பெண்சாதி, நடுவில் பிள்ளை என்று மூன்று பேர். அப்படிப்பட்ட வண்டிக்குப் பல் மாற்றுவது நியாயமான வைத்தியம்தான்.

ஆனால் வைத்தியத்துக்கு முன் நோயைப் பார்க்க வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை நிறுத்தி, பின் டயரைக் கையால் சுற்றி விடுங்கள். நாலைந்து சுற்று லேசாகச் சுற்ற வேண்டும். அரைச் சுற்றில் நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது செயின் காய்ந்தோ இறுகியோ இருக்கிறது. அடுத்தது எயார் ஃபில்டர். கல் ரோட்டுத் தூசி அதில் அடைந்தால் எஞ்சினுக்கு மூச்சே வராது. டயரில் காற்று போதுமா என்று பாருங்கள். கடைசியாக கிளச். ஏற்றத்தில் அக்ஸிலேட்டரை முறுக்கும்போது சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளச் வழுக்குகிறது. கேபிள் இறுக்கமாக இருந்தாலும் இப்படி வழுக்கும். கிளச் தட்டு தேய்ந்த வண்டிக்கு என்ன வீல் போட்டாலும் தேய்ந்த தட்டு தேய்ந்ததுதான்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் வீலை மாற்றுங்கள். முன் வீலில் ஒரு பல் மட்டும் குறையுங்கள். முன்னே ஒரு பல் குறைப்பதும், இந்தக் கணக்கில் பின்னே மூன்று பல் கூட்டுவதும் கிட்டத்தட்ட ஒன்றே (45ஐ 14ஆல் பிரித்தால் 3.21). முன் வீல் விலை குறைவு, கழற்றுவதும் இலேசு. பின் வீலில் 3 பல் கூட்டினால் பின் டயரை ஒரு சென்டிமீட்டர் அளவு முன்னே தள்ள வேண்டி வரும். செயின் ஏற்கெனவே கட்டையாக இருந்தால் அதற்கு இடமிருக்காது, நீளமான செயின் வாங்க வேண்டும்.

ஒன்று குறைத்தது நல்லதென்றால் இரண்டு குறைத்தால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். வீல் சின்னதாகச் சின்னதாகச் செயின் கூடுதலாக மடங்கி ஓடுகிறது, சீக்கிரம் தேய்கிறது, பின் டயரைத் தாங்கும் இரும்புக் கையிலும் உரசத் தொடங்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி பழைய செயினோடு இரண்டு பல் குறைந்த வீலைப் போட்டார். மூன்றாம் கிழமை வளைவில் ஏறும்போது செயின் கழன்று விழுந்தது. பின்னால் சம்சாரம் இருந்தார். வேகம் இல்லாததால் முழங்கால் காயத்தோடு போயிற்று. இறக்கத்தில் செயின் கழன்று பின் டயரில் சிக்கியிருந்தால் கதை வேறு.

வேறு சில தம்பிமார் நேர்மாறாகச் செய்கிறார்கள். நோர்வூட் ரோட்டில் பறக்க வேண்டும் என்று முன் வீலில் ஒரு பல் கூட்டுகிறார்கள். பறப்பது கொஞ்ச நேரம். வீட்டுக்கு ஏறும்போது ஒவ்வொரு நாளும் அரை கிளச்சில் ஏற்றி, வருஷம் முடிவதற்குள் கிளச் தட்டுக்குக் காசு தேடுவார்கள்.

பல் குறைத்தால் நஷ்டமும் உண்டு. அதே எஞ்சின் சுற்றில் முன்பு மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடிய வண்டி இனி 56தான் ஓடும். நேரான ரோட்டில் கொஞ்சம் கூடுதலாகப் பெற்றோல் குடிக்கலாம். நாள் முழுக்க மலையில் ஓடுகிற வண்டிக்கு அது பெரிதாகத் தெரியாது. ஸ்பீட் மீட்டர் கேபிள் முன் டயரிலிருந்து வந்தால் மீட்டர் பழையபடி சரியாகக் காட்டும். கியர் பெட்டியிலிருந்து கணக்கெடுக்கும் வண்டியென்றால் உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும்.

இறக்கத்தில் இதனால் ஒரு லாபம் இருக்கிறது. கியரில் போட்டு இறங்கும்போது எஞ்சின் வண்டியை நன்றாகப் பிடித்து வைக்கும். 2022இல் கியூ.ஆர். அட்டைக்கு பைக்குக்கு வாரம் 4 லீட்டர் என்று கொடுத்தபோது, பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கப் பலர் பழகினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பிரேக் மட்டும் தாங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். நம்முடைய இறக்கங்கள் எப்படிப்பட்டவை என்பதற்கு, 2023 ஜனவரியில் ராதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி 7 உயிர் போனதே போதும். தயவுசெய்து கியரில் இறங்குங்கள்.

செயின் வாங்கும்போது கவனிக்க வேண்டியது: புது வீலுக்குப் பழைய செயின், பழைய வீலுக்குப் புதுச் செயின் இரண்டும் வேண்டாம். பல் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி மாதிரி கூராகியிருந்தால் அந்த வீல் முடிந்தது. அதில் புதுச் செயினை ஓட்டினால் அதையும் தின்றுவிடும். செயினும் இரண்டு வீலும் செட்டாக வாங்குவது கைக்குக் கடிதான், பல நாள் சம்பளம். ஆனாலும் இரண்டு முறை வாங்குவதைவிட மலிவு. செயின் முழுவதும் இன்னும் நல்லதாக, கொஞ்சநாள் ஓடியதாக இருந்தால் மட்டும் முன் வீலைத் தனியாக மாற்றலாம்.

மாட்டும்போது பாஸ் பக்கத்தில் நின்று பாருங்கள். செயின் பூட்டின் கிளிப்பில் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். பின் அச்சின் இரண்டு பக்கத்திலும் கோடு கோடாக அடையாளம் இருக்கும். இடது பக்கம் எந்தக் கோடோ வலது பக்கமும் அதே கோடு. இல்லாவிட்டால் டயர் கோணலாக ஓடும். செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. டயரைச் சுற்றி, ஆகவும் இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் நல்லது என்று நினைப்பது தவறு. ஆட்கள் ஏறியதும் செயின் இன்னும் இறுகி பேரிங்கைக் கெடுக்கும். கடைசியில் பிரேக்கையும் சரிபார்க்க வேண்டும். டயரை நகர்த்தினால் பிரேக் கம்பியின் அளவும் மாறிவிடும்.

புது வண்டிக்காரருக்கும் இதே பாடம்தான். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல் திறந்த பிறகு, பல வருஷமாகக் காத்திருந்த வீடுகளுக்குப் புது பைக் வருகிறது. புது எஞ்சினில் இரும்பும் இரும்பும் உரசிப் பதப்படும்போது நுண்ணிய தூள் ஒயிலில் கலக்கும். முதல் ஒயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்வது அதனால்தான். பல வண்டிகளுக்கு இது 500 முதல் 750 கிலோமீட்டருக்குள். “ஒயில் இன்னும் சுத்தமாத்தானே இருக்கு” என்று நாங்களே ஒருமுறை 2,000 வரை இழுத்தோம். பிறகு அந்த வண்டி ஒயில் குடிக்கத் தொடங்கியது. யாரைக் குறை சொல்வது? புதுச் செயினும் முதல் சில நூறு கிலோமீட்டரில்தான் அதிகமாகத் தளரும். பல் மாற்றிய வண்டியானாலும் புது வண்டியானாலும் 200 கிலோமீட்டரில் ஒருதடவை செயின் ஆட்டத்தையும் நட்டுகளையும் பாருங்கள்.

அதன் பிறகு மழைக்காலத்தில் கிழமைக்கொரு தரம் மண்ணெண்ணெய் நனைத்த பிரஷால் தேய்த்து, துடைத்து, 90 நம்பர் கியர் ஒயில் சொட்டு விடுங்கள். சேறும் தண்ணீரும் சேர்ந்தால் செயினுக்கு உப்புத்தாள் மாதிரி.

இதை மட்டும் இரண்டு தரம் படியுங்கள். செயினைத் துடைக்கும்போது எஞ்சின் ஓடக்கூடாது. கியரில் போட்டு டயரைச் சுற்ற விட்டுத் துணியைப் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று சிலர் செய்கிறார்கள். துணி உள்ளே போனால் விரலும் போகும். விரல் நுனி போன கை ஒன்றை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தக் கையால் இனி கவ்வாத்துக் கத்தி பிடிப்பது கஷ்டம். சாவியைக் கழற்றிப் பொக்கட்டில் போட்டுவிட்டு, கையால் சுற்றித் துடையுங்கள். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், சுற்றுகிற டயரைப் பார்த்தால் அவர்களுக்குக் கை போகும்.

கழற்றிய முன் வீலில் பல் நல்லதாக இருந்தால் எறிய வேண்டாம். ஒயில் தடவிய துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். வண்டியை விற்கிற நாளில் கொழும்புப் பக்கம் ஓட்டப்போகிறவர் கேட்பார்.