போர்க்லிப்ட் கவிழ்ந்தால் குதிக்காதீங்க!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் குடோன், தொழிற்சாலைகளில் லோடு ஏற்றி இறக்க போர்க்லிப்ட்தான் கை கொடுக்கிறது. இதில் பல ரகம் உண்டு. திறந்தவெளிக்கு டீசல் வண்டி. குடோனுக்குள் புகை வராத பேட்டரி வண்டி. குறுகிய சந்தில் உயரமான ரேக்கில் அடுக்க 'ரீச் டிரக்'.

பாரம் முன்னால் இருப்பதால், வண்டி குப்புறச் சாயாமலிருக்க பின்பக்கம் கனத்த இரும்பு வைத்திருப்பார்கள். திரும்புவது பின்சக்கரம்தான். வளைவில் வால் பக்கம் வீசும், கிட்டே நிற்காதீங்க. பாரத்தைத் தாழ்வாக வைத்தே ஓட்டணும். உயரத் தூக்கியபடி வேகமாகத் திரும்பினால் கவிழும் ஆபத்து.

கவிழ்ந்தால் குதிச்சு தப்பிச்சிடலாம்னு நினைக்காதீங்க! குதித்தவர் மேலேயே வண்டியின் மேற்கூரை விழுந்து நசுக்கிவிடும். உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் சீட் பெல்ட் போடணும். ஸ்டீயரிங்கை கெட்டியாகப் பிடித்து, வண்டி விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாயணும். உயிர் பிழைக்க அதுதான் வழி.