கடலடிக் கம்பிக்குக் காது முளைத்தது!

2018-ம் ஆண்டு. அமெரிக்காவின் வடமேற்குக் கரையோரக் கடலில் ஒரு தாய்த் திமிங்கலம், இறந்துபோன தன் குட்டியைச் சுமந்தபடி 17 நாட்கள் நீந்தியது. உலகமே கண் கலங்கியது.

அது "ஓர்கா" இனம். அந்தக் கடலையே ஊராகக் கொண்ட அதன் கூட்டத்தில் மிஞ்சியிருப்பவை 80-க்கும் குறைவு.

என்ன காரணம்? சால்மன் மீன் குறைந்துவிட்டது. கடலில் நஞ்சு கலந்துவிட்டது. மூன்றாவது காரணம், சத்தம்! இருட்டுக் கடலில் ஓர்காவுக்குக் காதுதான் கண். ஒலி எழுப்பி, அது மீன் மீது பட்டுத் திரும்புவதைக் கேட்டே இரை பிடிக்கிறது. கப்பல் இரைச்சலில் எதிரொலி அமுங்கிவிட்டால் பட்டினிதான்.

ஓர்கா வருவது தெரிந்தால் கப்பலை மெதுவாகப் போகச் சொல்லலாம். ஆனால் கடல் முழுவதும் மைக் கட்ட முடியுமா?

இழையே மைக்

இங்கேதான் கண்ணாடி இழை கைகொடுக்கிறது. ஊரிலிருந்து அம்மா பேசும் டெலிபோன் பேச்சைச் சுமந்து வரும் அதே இழைதான்.

ஒரு முனையிலிருந்து லேசர் ஒளியை விட்டு விட்டு அனுப்புகிறார்கள். கண்ணாடியில் உள்ள நுண்ணிய குறைகளில் பட்டு, கொஞ்சம் ஒளி திரும்புகிறது. ஒலி அலை மோதினால் இழை இம்மியளவு நீளும், சுருங்கும். திரும்பும் ஒளியில் அது தெரிந்துவிடும். ஒளி திரும்பிய நேரத்தைக் கொண்டு இடத்தையும் சொல்லலாம். சில மீட்டருக்கு ஒரு காது!

2020 கோடையில் நார்வே விஞ்ஞானிகள் ஸ்வால்பார்ட் தீவுகளில், ஏற்கெனவே கிடந்த கேபிளில் 120 கிலோ மீட்டர் நீளத்துக்கு இப்படிக் கேட்டார்கள். பெரிய திமிங்கலங்களின் குரல் கிடைத்தது.

ஓர்காவின் குரலோ கீச்சுக்குரல். கம்பிக்கு அது கேட்குமா? 2025-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் சான் ஹுவான் தீவுகள் அருகே சுமார் 2 கிலோ மீட்டர் கேபிளைக் கடலடியில் போட்டுப் பரீட்சையில் இறங்கினார்கள்.

கம்ப்யூட்டருக்குப் பாடம்

நூற்றுக்கணக்கான காதுகள் இரவும் பகலும் கேட்டால்? அலை, மழை, கப்பல், எல்லாமே பதிவாகும். உட்கார்ந்து கேட்க ஆள் போதாது. ஆகவே கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். "இது கப்பல், இது அலை, இது திமிங்கலம்" என்று ஏராளமான மாதிரிகளைக் கொடுத்தால், புதிய ஒலியையும் அது இனம் பிரிக்கிறது. கூட்டமான பிளாட்பாரத்தில் தாய் தன் பிள்ளையின் குரலைக் கண்டுகொள்வதில்லையா? அதுபோலத்தான்.

உலகக் கடல்களின் அடியில் 10 லட்சம் கிலோ மீட்டருக்கும் மேல் கேபிள் கிடக்கிறது. மனிதர் பேசுவதற்காகப் போட்டவை. அவற்றில் திமிங்கலத்தின் பேச்சையும் கேட்கலாம் என்பதே விஞ்ஞானிகளின் நம்பிக்கை.

நாள் கடத்த நேரமில்லை. 2025 ஜனவரியில் அதே தாய், மீண்டும் ஓர் இறந்த குட்டியைச் சுமந்து நீந்தியது.