அறுபது ஆட்டத்துக்கு ஆறு வருடம்

அமெரிக்க பேஸ்பாலில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. ஜூலைக் கடைசியில், வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு முடிகிற நாளில், 105 ஆட்டம் போல முடிந்திருக்கும். மிச்சம் 55, மிஞ்சினால் 60. அந்த மிச்சத்துக்காக ஒரு நட்சத்திரத்தை வாங்கலாமா, வாங்கினால் யாரைக் கொடுப்பது? பட்டத்தைக் குறிவைக்கும் எல்லா அணி அலுவலகங்களிலும் அந்த வாரம் நடப்பது இந்தப் பஞ்சாயத்துதான்.

முதலில் வாங்கும் சரக்கை அளந்துவிடுவோம். கூப்பிட்டால் கிடைக்கக்கூடிய ஒரு சாதாரண ஆட்டக்காரரைவிட ஒருவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார் என்று கணக்கிடும் ‘வார்’ என்ற அளவுகோல் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. பருவம் முழுக்க ஆடி 6 வெற்றி தருபவர் பெரிய நட்சத்திரம். அவரிடம் 55 ஆட்டம்தான் பாக்கி என்றால் 6-ஐ 55-ஆல் பெருக்கி 162-ஆல் வகுக்க வேண்டும். விடை 2. ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் வந்து வெற்றியைப் பூட்டும் ‘குளோசர்’ பந்துவீச்சாளர் என்றால் நிலைமை இன்னும் மோசம். பருவம் முழுக்கவே அவர் 65 இன்னிங்ஸ் போலத்தான் எறிவார். மிச்சமுள்ள இரண்டு மாதத்தில் 22 இன்னிங்ஸ். ஒரு வெற்றிகூடத் தேறுவது கஷ்டம்.

இப்போது விலை. நட்சத்திரத்துக்கு ஈடாகப் போவது பெரும்பாலும் மைனர் லீகில் இருக்கும் இருபது வயதுப் பையன்கள். பெரிய லீகில் 172 நாள் இருந்தால் ஒரு சேவை ஆண்டு. அப்படி 6 ஆண்டு நிறைந்தால்தான் வீரர் விருப்பப்பட்ட அணிக்குப் போகலாம். முதல் மூன்று ஆண்டு ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம். 2025-இல் அது 7,60,000 டாலர். பிறகு மூன்று ஆண்டு, நடுவர் தீர்ப்பின்படி படிப்படியாக ஏறும் சம்பளம். ஆக, ஒரு நல்ல பையனைக் கொடுப்பது என்றால் ஆறு வருட மலிவு உழைப்பைக் கொடுப்பது. வருடத்துக்கு 3 வெற்றி தருகிறவனாக அவன் வளர்ந்தால் மொத்தம் 18. இரண்டு வெற்றிக்குப் பதினெட்டு! விதைநெல்லைக் குத்தி விருந்து வைக்கும் கணக்கு இது. எல்லாப் பையனும் அப்படி வளர்வதில்லை என்பது மட்டுமே வாங்குகிற அணியின் தைரியம்.

பணச் செலவு தனி. ஆண்டுக்கு 2 கோடி டாலர் வாங்கும் ஆட்டக்காரருக்குப் பருவத்தில் மூன்றில் ஒரு பங்கு பாக்கி என்றால் ஏறத்தாழ 65 லட்சம் டாலர். ஆனால் சம்பள வரி என்று ஒன்று உண்டு. 2025-இல் அணியின் சம்பளக் கணக்கு 24.1 கோடி டாலரைத் தாண்டினால் வரி தொடங்கும். தொடர்ந்து மூன்றாம் ஆண்டாகத் தாண்டி, உச்சப் படியிலும் இருக்கிற அணிக்கு வரி 110 சதவீதம். அதே ஆளுக்கு அந்த அணி 65 லட்சமும் வரியாக 71 லட்சமும் சேர்த்து 1.36 கோடி கொடுக்கும். பருவ நடுவில் வந்தவர் பருவம் முடிந்து வேறு அணிக்குப் போய்விட்டால், ஈடாக இளம் வீரர் தேர்வில் ஓர் இடம் கிடைக்கும் வசதியும் கிடையாது. போனது போனதுதான்.

செலவுப் பக்கம் இவ்வளவு. வரவுப் பக்கத்தில் பலரும் பெயர்களை எண்ணுகிறார்கள். நான் எண்ணச் சொல்வது பட்டத்துக்கான குலுக்கல் சீட்டுகளை. எல்லா ஆட்டமும் நாணயம் சுண்டுவது போல என்று வைத்துக்கொண்டால், அக்டோபரில் நடக்கும் பட்டத் தொடர்களான பிளேஆஃபுக்குள் நுழையும் அணியின் கையில் இருக்கும் சீட்டின் மதிப்பு, அது வெல்ல வேண்டிய தொடர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 1987-இல் நான்கே அணிகள் உள்ளே போயின. இரண்டு தொடர் வென்றால் பட்டம்; சீட்டின் மதிப்பு நாலில் ஒன்று. 2008-இல் எட்டு அணிகள், மூன்று தொடர், எட்டில் ஒன்று. 2022 முதல் பன்னிரண்டு அணிகள். ஒவ்வொரு லீகிலும் பிரிவு வென்றவர்களில் முதல் இருவர் முதல் சுற்றைத் தாண்டி நேரே உள்ளே போவதால் அவர்களுக்கு எட்டில் ஒன்று. மற்ற எட்டு அணிக்கும் நான்கு தொடர், பதினாறில் ஒன்று.

இதை வைத்துப் பழைய வியாபாரம் ஒன்றைத் திரும்பப் பார்க்கலாம். 1987 ஆகஸ்ட் 12 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் அணி, டாயில் அலெக்ஸாண்டர் என்ற மூத்த பந்துவீச்சாளரை அட்லாண்டா பிரேவ்ஸிடமிருந்து வாங்கியது. கொடுத்தது ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயது மிச்சிகன் பையனை. அலெக்ஸாண்டர் 11 ஆட்டத்தைத் தொடங்கி 9 வெற்றி, தோல்வியே இல்லை. 9 இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.53. டைகர்ஸ் 98-64 என்று முடித்து, டொராண்டோவை 2 ஆட்டத்தில் முந்திப் பிரிவை வென்றது. பிறகு மினசோட்டாவிடம் 4-1 என்று தோற்றது. அலெக்ஸாண்டர் ஆடிய இரண்டிலும் தோல்வி. ஸ்மோல்ட்ஸ் பிற்பாடு 213 வெற்றி, வெற்றியைப் பூட்டிக் கொடுத்த ‘சேவ்’ 154, சிறந்த பந்துவீச்சாளருக்கான 1996 சை யங் விருது என்று சேர்த்து 2015-இல் புகழ்மண்டபத்துக்குள் போனார்.

ஏமாந்த வியாபாரங்களின் பட்டியலில் இதை முதலில் வைப்பது வழக்கம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. டைகர்ஸ் வாங்கியது நாலில் ஒரு பங்குச் சீட்டு. அந்த 9 வெற்றி இல்லாவிட்டால் அதுவும் கையில் இருந்திருக்காது. இன்றைக்கு அதே விலை கொடுத்து, பிரிவை வெல்லாமலே உள்ளே போகும் வைல்டு கார்டு இடம் வாங்கும் அணிக்குக் கிடைப்பது பதினாறில் ஒன்று. சீட்டு நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது, பையன்களின் ஆறு வருடமோ அப்படியேதான் இருக்கிறது. கெடு வாரத்தில் வாங்கத் துடிப்பவர்கள் சட்டை செய்யாத மாற்றம் இது.

நாணயக் கணக்கு திறமையை மறைத்துவிடுகிறது என்று வாசகர் கேட்கலாம். சரி, திறமையையும் போட்டுப் பார்ப்போம். எதிரணி யாராக இருந்தாலும் ஓர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 55 சதவீதம் உள்ள பலமான அணி. ஐந்தில் மூன்று வெல்ல வேண்டிய தொடரை அது வெல்லும் வாய்ப்பு 59 சதவீதம், ஏழில் நான்கு என்றால் 61. மூன்று தொடரையும் பெருக்கினால் பட்டம் 22 சதவீதம். அதே அணி முதல் சுற்றான மூன்றில் இரண்டு தொடரையும் ஆட நேர்ந்தால் 12.6 சதவீதம். இப்போது ஒரு நட்சத்திரம் வந்து 55-ஐ 57 ஆக்கினார் என்று வையுங்கள். ஒரே ஆள் அவ்வளவு ஏற்றுவதே பெரிய விஷயம். நேரே நுழையும் அணிக்கு 22 என்பது 27 ஆகும். முதல் சுற்று ஆடும் அணிக்கு 12.6 என்பது 16.

நட்சத்திரம் தந்தது ஐந்து புள்ளிகூட இல்லை. முதல் சுற்றைத் தவிர்த்தது தந்தது ஒன்பது. அக்டோபரில் பயங்காட்டுவதற்கென்று ஒருவரை வாங்குவதைவிட, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஒரு வெற்றியோ இரண்டோ கூடுதலாகப் பெற்று இரண்டாம் இடத்துக்குள் நுழைவது லாபம். அந்த இரண்டு வெற்றிக்கு நட்சத்திரம் தேவையில்லை. அணியில் ஓட்டை இருக்கும் இடத்தை அடைத்தால் போதும்.

இரண்டு வழியும் ஒரே நாளில் நடந்து, பிறகு நேருக்கு நேர் மோதியதும் உண்டு. 2021 ஜூலை 30. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி வாஷிங்டன் நேஷனல்ஸிடமிருந்து பந்துவீச்சாளர் மேக்ஸ் ஷெர்ஸரையும் மட்டையாளர் ட்ரே டர்னரையும் வாங்கியது. கொடுத்தது நான்கு பேர். அதில் கேட்சர் கெய்பர்ட் ரூயிஸும் பந்துவீச்சாளர் ஜோசையா கிரேயும் டாட்ஜர்ஸின் முதல் தரச் சேமிப்பு. அதே நாள் அட்லாண்டா பிரேவ்ஸ் ஒட்டுப்போடும் வேலையில் இருந்தது. 82 ஆட்டத்தில் 24 ஹோம் ரன் அடித்திருந்த ரொனால்ட் அகுன்யா ஜூலை 10 அன்று முழங்கால் தசைநார் கிழிந்து படுத்துவிட்டார். மார்செல் ஒசூனாவும் இல்லை. வெளிக்களம் மொத்தமும் ஓட்டை. வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக இருந்த அணி அது. அட்லாண்டாவின் அந்த மாதக் கொள்முதல் இப்படி:

ஜாக் பீடர்சன் (ஜூலை 15, சிகாகோ கப்ஸ்) — கொடுத்தது பிரைஸ் பால்.
ஹோர்ஹே சொலேர் (ஜூலை 30, கான்ஸஸ் சிட்டி) — கொடுத்தது கேஸி கேலிக்.
ஆடம் டுவால் (ஜூலை 30, மயாமி) — கொடுத்தது அலெக்ஸ் ஜாக்சன்.
எடி ரொசாரியோ (ஜூலை 30, கிளீவ்லாந்து) — கொடுத்தது பாப்லோ சந்தோவல்.

பிரைஸ் பால் முதல் பேஸ் ஆட்டக்காரர். அந்த இடத்தில் ஃபிரெடி ஃப்ரீமன் நின்றுகொண்டிருந்ததால் அவருக்கு அட்லாண்டாவில் வழியே இல்லை. சந்தோவலை வாங்கிய கையோடு கிளீவ்லாந்து விடுவித்தது. ரொசாரியோவின் சம்பளப் பாக்கியைத் தலையிலிருந்து இறக்கினால் போதும் என்ற வியாபாரம். அந்த ஆண்டு ரொசாரியோவின் சம்பளம் 80 லட்சம் டாலர், சொலேருக்கு 80.5 லட்சம். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பாக்கி இருந்ததால் ஆளுக்கு 28 லட்சம் போல. அட்லாண்டாவுக்கு வந்த பிறகு சொலேர் 14, டுவால் 16, பீடர்சன் 7, ரொசாரியோ 7 என்று ஹோம் ரன் மொத்தம் 44. ரொசாரியோ வயிற்றுத் தசைக் காயத்தோடு வந்தவர், ஆகஸ்ட் கடைசியில்தான் களமிறங்கினார். ஆட்டம் 33.

ஷெர்ஸர் ஏமாற்றவில்லை. டாட்ஜர்ஸுக்காக 11 ஆட்டத்தைத் தொடங்கி 7 வெற்றி, தோல்வி இல்லை, சராசரி 1.98. டர்னர் .328 என்ற சராசரியோடு நேஷனல் லீக் மட்டையடிப் பட்டத்தையே வென்றார். இருந்தும் டாட்ஜர்ஸ் முடித்தது 106 வெற்றியில், சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் 107-இல். ஒரே ஒரு வெற்றிக் குறைவால் அன்றைய விதிப்படி ஒற்றை ஆட்ட வைல்டு கார்டு. அதைத் தொடங்கிவைத்தவர் ஷெர்ஸர், அக்டோபர் 6. பிறகு 11-ஆம் தேதி ஜயண்ட்ஸுக்கு எதிராக 7 இன்னிங்ஸ். 14-ஆம் தேதி ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸைப் பூட்ட அவரையே கூப்பிட்டார்கள். 17-ஆம் தேதி அட்லாண்டாவுக்கு எதிராக மறுபடியும். 23-ஆம் தேதி ஆறாவது ஆட்டத்துக்குக் கை எழவில்லை. பதிலுக்கு மூன்றே நாள் ஓய்வோடு வாக்கர் பியூலர் வந்தார். நான்காவது இன்னிங்ஸில் அவர் பந்தை மூன்று ரன் ஹோம் ரன்னாக அடித்து ஆட்டத்தை முடித்துவைத்தவர் ரொசாரியோ. அந்தத் தொடரில் அவர் 25 வாய்ப்பில் 14 ஹிட். தொடர் நாயகன் அவரே. உலகத் தொடரில் ஹூஸ்டனுக்கு எதிராக 3 ஹோம் ரன் அடித்து நாயகன் விருது வாங்கியவர் சொலேர். அந்த ஆண்டு பிளேஆஃப் ஆடிய பத்து அணியில் மிகக் குறைந்த வெற்றி அட்லாண்டாவுக்குத்தான், 88.

ஒரு தொடரை வைத்து டாட்ஜர்ஸ் தவறு செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுக்குக் குறைந்தது ஷெர்ஸர் தரத்தில் ஒருவர் அல்ல, ஒரு வெற்றி. அது இல்லாததற்கு அபராதம் கட்டியது, எல்லாரையும்விட அதிக விலை கொடுத்து வாங்கிய அந்தக் கை.

நட்சத்திர விலை நியாயமாகும் இடமும் இருக்கிறது. 2016 ஜூலை 25 அன்று சிகாகோ கப்ஸ் அணி நியூயார்க் யாங்கீஸிடமிருந்து குளோசர் அரோல்டிஸ் சாப்மனை வாங்கியது. கொடுத்தது இளம் வீரர் கிளேபர் டோரஸும் வேறு மூவரும். பருவத்தின் மிச்சத்தில் சாப்மன் 28 ஆட்டம், 26 இன்னிங்ஸும் 2 அவுட்டும். அணி எறிந்த இன்னிங்ஸில் 5 சதவீதம்கூட வராது. அக்டோபரில் கப்ஸ் ஆடிய 17 ஆட்டத்தில் அவர் 13-இல் வந்தார். 15 இன்னிங்ஸும் 2 அவுட்டும், அதாவது பத்தில் ஒரு பங்கு. இடையே ஓய்வு நாள் அதிகம் என்பதால் குளோசரின் பங்கு அங்கே இரட்டிப்பாகிறது. தொடக்கப் பந்துவீச்சாளருக்கோ அன்றாட மட்டையாளருக்கோ அப்படி இரட்டிப்பாக வழியில்லை. உலகத் தொடரின் கடைசி மூன்று ஆட்டத்தில் அவர் 97 பந்து எறிந்தார். ஏழாவது ஆட்டத்தில் களைத்த கையால் எதிரணியின் ராஜாய் டேவிஸிடம் ஹோம் ரன் வாங்கி 6-6 என்று சமனாக்கியதும் அவர்தான். 10 இன்னிங்ஸில் 8-7 என்று கப்ஸ் வென்றது. 108 வருடத்துக்குப் பின் வந்த பட்டம். சாப்மன் டிசம்பரிலேயே 8.6 கோடி டாலருக்கு யாங்கீஸுக்குத் திரும்பிவிட்டார். டோரஸ் 2018 முதல் 2024 வரை ஏழு பருவம் அங்கே ஆடினார். இந்தப் பேரேட்டில் பதிவாகாத ஒரு பற்றும் உண்டு: குடும்ப வன்முறை விதியின் கீழ் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 30 ஆட்டம் தடை செய்யப்பட்டவர் சாப்மன். அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று கப்ஸ் ரசிகர்கள் பலர் தவித்தார்கள்.

கப்ஸுக்கு அன்று ஓட்டையே கிடையாது. 103 வெற்றியோடு முடித்த அணி அது. பிரிவும் சீட்டும் கிட்டத்தட்டப் பையில். வெற்றி எண்ணிக்கையில் வாங்க எதுவும் பாக்கியில்லாத அணிதான் அக்டோபர் இன்னிங்ஸை விலை கொடுத்து வாங்கலாம். எதிர் ஓரத்தில் 2008 மில்வாக்கி. ஜூலையில் பந்துவீச்சாளர் சி.சி. சபாத்தியாவை வாங்கி, 17 ஆட்டத்தில் 11-2, சராசரி 1.65 என்று அவரைப் பிழிந்து, 90 வெற்றியோடு 89-இல் நின்ற நியூயார்க் மெட்ஸை முந்தி, 1982-க்குப் பிறகு முதன்முறையாகப் பிளேஆஃப் போனது. விளிம்பில் நின்ற அணி, மூன்று மாதத்துக்குள் ஒரே ஆளிடம் 130 இன்னிங்ஸுக்கு மேல் வாங்கியது. அந்த அளவு சரக்கு இன்று எந்தப் பந்துவீச்சாளரிடமும் கிடைக்காது. கெடுவும் ஜூலை முடிவில். சபாத்தியா வந்தது ஜூலை 7.

நடுவில் நிற்பவர்கள்தான் அதிகம்: பிரிவில் மூன்று நான்கு ஆட்டம் பின்தங்கி, வைல்டு கார்டு ஏறக்குறைய உறுதியான அணிகள். பதினாறில் ஒன்றிலிருந்து எட்டில் ஒன்றுக்கு ஏற வழி இருக்கும்போது அவர்கள் இரண்டு மூன்று சில்லறைக் கொள்முதல் செய்வதே சரி. ஏற வழி இல்லையென்றால் பையன்களைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

2023-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் இதற்கு நேர் எதிராக நட்சத்திரங்களையே வாங்கியது. ஜூன் 30 அன்று அதே சாப்மனை வாங்கப் பந்துவீச்சாளர் கோல் ரேகன்ஸைக் கொடுத்தது. ரேகன்ஸ் 2024-இல் அமெரிக்கன் லீக் சை யங் வாக்கெடுப்பில் நான்காம் இடம். கெடுவுக்கு முன் ஷெர்ஸரையும் ஜோர்டன் மான்ட்கமரியையும் சேர்த்தது. கடைசி நாளில் சியாட்டிலிடம் 1-0 என்று தோற்று 90-72-இல் நின்றது; ஹூஸ்டனும் 90-72, நேருக்கு நேர் கணக்கில் பிரிவு ஹூஸ்டனுக்கு. ரேஞ்சர்ஸ் கையில் மிஞ்சியது பதினாறில் ஒரு பங்குச் சீட்டு. அதை வைத்துக்கொண்டு வெளியூரில் ஆடிய 11 ஆட்டத்தையும் வென்று பட்டத்தைத் தூக்கியது. அதே அக்டோபரில் 104 வெற்றி அட்லாண்டா, 101 பால்டிமோர், 100 டாட்ஜர்ஸ் என மூன்றும், எட்டில் ஒரு பங்குச் சீட்டோடு, முதல் தொடரிலேயே வீட்டுக்குப் போயின.