வெள்ளத்துல நின்ன காரை ஸ்டார்ட் பண்ணாதீங்க: ரிப்பேர் செலவும் கிளெய்ம் கணக்கும்

மழை விட்டதும் நம்மில் பலர் முதல்ல செய்யுற வேலை, வண்டி ஸ்டார்ட் ஆகுதான்னு சாவியைத் திருப்பிப் பார்க்கிறதுதான். தண்ணியில நின்ன காருக்கு அந்த ஒரு திருப்பல், சில ஆயிரத்துல முடிய வேண்டிய செலவை லட்சத்துக்குக் கொண்டு போயிடும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலே இல்லாத கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வரை அந்த மழை கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் நிறுத்தி வைத்திருந்த வேன், கார்களை வெள்ளம் இழுத்துப் போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி, மணிமுக்தா வழியாகக் கீழேதான் வரும். அதனால கச்சிராயபாளையம், சங்கராபுரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு கட்டாயம் தெரிஞ்சிருக்கணும்.

முதல்ல செய்ய வேண்டியது

தண்ணி வடியுறதுக்கு முன்னாடியே, அது எந்த மட்டம் வரை நிக்குதுன்னு தெரியுற மாதிரி போட்டோ, வீடியோ எடுங்க. பாதுகாப்பா நெருங்க முடிஞ்சா பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழட்டுங்க. எலக்ட்ரிக் கார்னா எதையும் தொடாம சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்க. பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, வண்டியை டோ பண்ணித்தான் கொண்டு போகணும்.

ஏன்னா, காத்தை அழுத்தலாம், தண்ணியை அழுத்த முடியாது. இன்ஜினுக்குள்ள தண்ணி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். எலக்ட்ரிக்கல் பக்கம் இன்னும் மோசம். சேற்றுத் தண்ணி ஈசியு, ஃபியூஸ் பாக்ஸ், வயரிங் கனெக்டர்ல புகுந்தா, இன்னைக்கு நல்லா ஓடுற வண்டி சில வாரம் கழிச்சு துரு பிடிச்சு மக்கர் பண்ணும். அதனால மேலோட்டமா காய வச்சு அனுப்பாம, கனெக்டர்களைப் பிரிச்சு சுத்தம் பண்ணச் சொல்லி, அதை பில்லிலும் எழுதி வாங்குங்க.

இன்சூரன்ஸ் எவ்வளவு தரும்?

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா, வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய் கூட வராது. ஓன் டேமேஜ் கவர் இருந்தா வரும். ஆனா முழுசா வராது. பேட்டரி, பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50% கழிவு. மற்ற பாகங்களுக்கு வண்டியின் வயசைப் பொறுத்துக் கழிவு. உதாரணமா 3 முதல் 4 வருஷ வண்டிக்கு 25%.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மூன்றரை வருஷ கார், 1500 சிசிக்குள், ஜிஎஸ்டியைத் தனியா வச்சுக்குவோம்:

- ஈசியு, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார்: ரூ.70,000. உங்க பங்கு ரூ.17,500
- பேட்டரி, பிளாஸ்டிக் பாகங்கள்: ரூ.20,000. உங்க பங்கு ரூ.10,000
- லேபர்: ரூ.15,000. கழிவு இல்லை
- கட்டாயப் பிடித்தம்: ரூ.1,000

மொத்த பில் ரூ.1,05,000. கம்பெனி தருவது ரூ.76,500. உங்க கையிலிருந்து ரூ.28,500. ஜீரோ டெப்ரிசியேஷன் ஆட்-ஆன் இருந்தா அந்த ரூ.27,500 கழிவு பெரும்பாலும் மிச்சம்.

தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போச்சுன்னா, அது பின்விளைவுச் சேதம்னு சாதாரண பாலிசியில கைவிரிச்சிடுவாங்க. அதுக்குத்தான் இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன். மலை அடிவாரத்துல, ஏரிக்கரை ஓரத்துல இருக்கிறவங்க அடுத்த ரினியூவல்ல இதை அவசியம் கேளுங்க.

ரிப்பேர் செலவு ஐடிவி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினா 'டோட்டல் லாஸ்'. அப்போ ஐடிவி தொகைதான் அடிப்படை. பிரீமியம் குறையணும்னு ஐடிவியைக் குறைச்சுப் போட்டவங்களுக்கு அங்கேதான் அடி விழும்.

சின்ன பில்லுக்கு கிளெய்ம் வேண்டாமா?

நோ கிளெய்ம் போனஸ் 50% வச்சிருக்கீங்க, ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.10,000னு வைங்க. கிளெய்ம் பண்ணினா போனஸ் பூஜ்யம். திரும்ப 20, 25, 35, 45னு ஏறி 50% வர்றதுக்குள்ள, ஐந்து ரினியூவல்ல நீங்க இழக்கிறது மொத்தம் ரூ.12,500. கம்பெனி தரப்போறது இதைவிடக் குறைவுன்னா, கைக்காசு போட்டு முடிக்கிறதுதான் லாபம்.

கிளெய்மை மறுத்தா?

எழுத்துல காரணம் கேளுங்க. முதல்ல கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் கொடுங்க. ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலும், வந்த பதில் திருப்தி இல்லைன்னாலும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் கிட்ட போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஐஆர்டிஏஐயின் 155255 எண்ணிலும் புகார் சொல்லலாம்.

இன்னைக்கே உங்க பாலிசியை எடுத்து மூணு விஷயம் பாருங்க: ஓன் டேமேஜ் இருக்கா, ஐடிவி எவ்வளவு, இன்ஜின் புரொடெக்ட் இருக்கா? சந்தேகம் இருந்தா கமென்ட்ல கேளுங்க, அடுத்த வீடியோல பேசுவோம்.