கைக்கு இசையும் கணிப்பொறி

ஊரிலுள்ள பெற்றோருக்கு எழுதும் மடலையும் ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பும் அன்பர்கள் நம் வைட்டிலா வட்டாரத்திலும் உளர். தமிழில் அடிக்கக் கை வரவில்லை என்பது அவர்கள் கூறும் காரணம். குற்றம் கையினுடையதன்று. கைக்கு ஏற்பக் கருவியை அமைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

பழைய தட்டச்சுப் பொறியில் பழகியவர் அதே வரிசையைக் கணிப்பொறியிலும் தேர்ந்துகொள்ளலாம். புதிதாய்க் கற்போர்க்கு, தமிழக அரசு 1999இல் ஏற்ற 'தமிழ்99' முறையே நன்று. உயிரெழுத்துகள் இடப்புறம், மெய்கள் பெரும்பாலும் வலப்புறம். அ, க, க, ஆ என்று தட்டினால் 'அக்கா' வந்துவிடும். த, ங, க, ஐ என்றால் 'தங்கை'. புள்ளியைப் பொறியே இட்டுக்கொள்கிறது! மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் பிள்ளைகளுக்கு இது எத்துணை எளிது என்பதைக் கவனியுங்கள்.

இனி, எழுதும் செயலியைக் காண்போம். வேர்டு ஆயினும் லிப்ரே ஆபீஸ் ஆயினும் தானியங்கித் திருத்தப் பட்டியல் ஒன்றுண்டு. அதில் 'எகு' என்பதற்கு எதிரே 'எர்ணாகுளம்' என்று பதிந்துவைத்தால், இரண்டெழுத்தில் ஊர்ப்பெயர் முழுதும் விரியும். வீட்டு முகவரிக்கும் இவ்வாறே செய்யலாம். தமிழ்ச் சொற்களின் கீழெல்லாம் சிவப்புக்கோடு ஓடுமாயின் அதனை நிறுத்திவிடுக. கோட்டைப் பார்த்தால் எழுத்து ஓடாது. முதியோர் எழுத்தின் அளவையும் பெரிதாக்கிக்கொள்ளலாம்.