விமான டிக்கெட்: முந்துவதா, பொறுப்பதா?

அறுவடை வந்தால் அரிசி விலை இறங்கும், வரத்து குறைந்தால் ஏறும் என்பது ஆரணி வியாபாரிக்குப் பாலபாடம். பெங்களூரில் கச்சாப் பட்டு விலை அசைந்தால் இங்கே சேலை விலையைத் திருத்துகிறோம். பருப்பை எப்போது மூட்டை கணக்கில் வாங்க வேண்டும், எப்போது கைக்கும் வாய்க்குமாக வாங்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்த நாம் விமான டிக்கெட் என்றதும் தடுமாறி விடுகிறோம்.

நமது அனுபவத்தையே சொல்கிறோம். தில்லியில் ஒரு வணிகக் கண்காட்சிக்கு நாங்கள் நால்வர் புறப்பட முடிவு செய்தோம். தேதி ஒரு மாதம் முன்பே தெரியும். முதலில் பார்த்தபோது ஒருவழிக் கட்டணம் 5,800 ரூபாய். பொறுத்தோம், 5,400 ஆனது. இன்னும் இறங்கும் என்று மேலும் பொறுத்தோம். புறப்பட ஐந்து நாள் இருக்கையில் 9,700 ரூபாய் கொடுத்து வாங்கினோம். நால்வருக்கும் போகும் செலவில் மட்டும் 17,200 ரூபாய் கூடுதல். மளிகையில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்தத் தொகையைச் சம்பாதிக்க 3,44,000 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும்!

ஏன் இந்த ஏற்ற இறக்கம்?

உள்நாட்டு விமானப் போக்குவரத்து ஒரே அரசு நிறுவனத்தின் கையில் இருந்த காலத்தில் ஒரு ஊருக்கு ஒரு கட்டணம்தான். 1994இல் அந்த ஏகபோகச் சட்டம் நீக்கப்பட்டது, தனியார் வந்தனர். 2003இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் பறக்கத் தொடங்கியது. ஒரு ரூபாய் டிக்கெட் என்ற பேச்சும், முந்தியவருக்கு ஒரு விலை, பிந்தியவருக்கு வேறு விலை என்ற முறையும் நம் நாட்டில் பரவலானது அதன் பிறகுதான்.

இந்த முறைக்கு முன்னோடி அமெரிக்கா. மலிவுக் கட்டணத்தில் பறந்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தைச் சமாளிக்க, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985இல் ஓர் உபாயம் செய்தது. முன்கூட்டி வாங்குவோருக்குச் சில இருக்கைகளை மட்டும் மலிவாகக் கொடுத்தது. மற்றவற்றைக் கடைசி நேரத்தில் வரும் வியாபாரிகளுக்கு முழு விலையில் விற்றது. 1987இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் வேறொரு நிறுவனத்தில் கரைந்து போயிற்று.

இன்று எல்லா நிறுவனங்களும் இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைக்கின்றன. கீழ் அடுக்கு விற்றுத் தீர்ந்தால் அடுத்த அடுக்கு திறக்கும். ராஜதானி, சதாப்தி ரயில்களில் 2016இல் வந்த முறையும் இதே வகைதான்: பத்து விழுக்காடு இடங்கள் நிரம்பும்போதெல்லாம் அடிப்படைக் கட்டணம் பத்து விழுக்காடு ஏறியது. ரயிலில் அது ஏறுமுகம் மட்டுமே. விமானத்தில் விற்பனை மந்தமானால் கீழ் அடுக்கை மீண்டும் திறப்பார்கள். நாம் பார்த்த 5,400 அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

தக்காளிக்காரர் மாலையில் விலையைக் குறைக்கிறார். அழுகும் சரக்கு ஆயிற்றே! விமான இருக்கையும் புறப்பட்ட பின் காசு பெறாத சரக்குதான். ஆனால் அவர்கள் கடைசி நேரத்தில் விலையைக் கூட்டுகிறார்கள். அப்போது வாங்குபவர் போயே தீர வேண்டியவர் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ஆள் பெரும்பாலும் நம்மைப் போன்ற வியாபாரிதான்.

நாம் கடைப்பிடிக்கும் வழி

தேதி உறுதியானால், உள்நாட்டுப் பயணத்துக்கு மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் வாங்கி விடுகிறோம். தீபாவளி, பொங்கல் சமயம் என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே. கொள்முதலில் செய்வது போல மனதில் ஒரு விலையை வைத்துக்கொள்கிறோம். அந்த விலை வந்தால் உடனே வாங்குவது. வராவிட்டால் மூன்று வாரக் கெடுவில் கிடைத்த விலைக்கு வாங்குவது. வாங்கிய பின் மறுபடி விலை பார்ப்பதில்லை. பார்த்தால் மனக்கஷ்டம்தான் மிச்சம்.

நால்வர் சேர்ந்து போனால், முதலில் ஒருவருக்கு மட்டும் விலை பாருங்கள். கீழ் அடுக்கில் இரண்டு இடமே மீதி இருக்கையில் நான்கு கேட்டால், நான்கையும் மேல் அடுக்கு விலையில் காட்டும். இரண்டிரண்டாக வாங்கினால் பாதிப் பேருக்காவது மிச்சம்.

தேதி உறுதியாகாவிட்டால் மலிவு டிக்கெட் மலிவே அல்ல. ரத்துக் கட்டணமே விலையை விழுங்கி விடும். எனினும், பணம் திரும்பாது என்று விற்ற டிக்கெட்டிலும் வரிகளையும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. கேட்டு வாங்குங்கள், விட்டு விடாதீர்கள்.

ஆரணிக்காரர் மொத்தக் கணக்குப் போட வேண்டும். விடிகாலை விமானம் ஐந்நூறு ரூபாய் குறைவு என்று வாங்கினால், நள்ளிரவில் வாடகைக் கார் பிடிக்க வேண்டும், அல்லது சென்னையில் அறை எடுத்துத் தங்க வேண்டும். உள்நாட்டு விமானங்களில் ஏற்றும் பெட்டிக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம். மாதிரிச் சேலைகளைக் கட்டும் முன் எடை போடுவது நல்லது.

தொழில் நிமித்தப் பயணம் என்றால் டிக்கெட் வாங்கும்போதே ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுங்கள். சாதாரண வகுப்புக்கு 5 விழுக்காடு வரி. அதை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

எந்தக் கணக்குக்கும் அடங்காத நாட்களும் உண்டு. 2025 டிசம்பரில் ஒரு பெரிய நிறுவனத்தின் விமானங்கள் நூற்றுக்கணக்கில் ரத்தானபோது கட்டணம் விண்ணை முட்டியது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று அரசு உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. இத்தகைய நேரத்தில், விமான நிறுவனமே ரத்து செய்தால் முழுப் பணத்தையோ மாற்று விமானத்தையோ கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பந்திக்கு முந்து என்றார்கள் பெரியவர்கள். டிக்கெட்டின் விலை நம் கையில் இல்லை. பயணத் தேதியைக் காலத்தோடு முடிவு செய்வது நம் கையில்தான் இருக்கிறது. அதைத் தள்ளிப்போட்டதற்குத்தான் நாங்கள் 17,200 ரூபாய் கொடுத்தோம்.