‘இன்றியமையாமை’ எதற்குரியது? ரசல் – காப்பிள்ஸ்டன் வானொலி உரையாடல் (1948): ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கடவுள் இருப்புக் குறித்துக் கத்தோலிக்க மெய்யியலாளர் ஃபிரடெரிக் காப்பிள்ஸ்டனும் இறைமறுப்பு நிலையினரான பெர்ட்ரண்ட் ரசலும் நிகழ்த்திய வானொலி உரையாடலின் மையச் சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது. அச்சிக்கல் ‘இன்றியமையாமை’ என்னும் சொல்லின் பயன்பாட்டைச் சார்ந்தது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: சார்பிருப்பு, இன்றியமையா இருப்பு, பகுப்புக் கூற்று, போதிய காரணம்

பின்புலம்

1948 சனவரி 28 அன்று பி.பி.சி.யின் மூன்றாம் அலைவரிசையில் இவ்வுரையாடல் ஒலிபரப்பானது. ரசலுக்கு அப்போது அகவை 75. இயேசு சபைத் துறவியான காப்பிள்ஸ்டனுக்கு 40. ‘நான் ஏன் கிறித்தவன் அல்லன்’ என்னும் பொருளில் 1927இலேயே உரையாற்றியிருந்தவர் ரசல். காப்பிள்ஸ்டனின் மெய்யியல் வரலாற்று வரிசையின் முதல் தொகுதி 1946இல் வெளிவந்திருந்தது.

காப்பிள்ஸ்டன் பேசியது தனிமனித நம்பிக்கையை மட்டும் சார்ந்ததன்று. இயற்கையான அறிவொளியால் கடவுளை உறுதியாக அறிய இயலும் என்பது முதலாம் வத்திக்கான் சங்கம் 1870இல் அறுதியிட்ட கொள்கை. ஆகவே ‘இது நம்பிக்கை, தருக்கத்திற்கு அப்பாற்பட்டது’ என்று ஒதுங்கும் வழி கத்தோலிக்கருக்கு எளிதாக இல்லை. ரசலும் ‘கடவுள் இல்லை’ என நிறுவ முன்வரவில்லை. கடவுளின் இன்மை நிறுவத்தக்கது எனத் தாம் கூறவில்லை என்றும் தம் நிலை அறியொணாமை வாதமே என்றும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தினார். எனவே நிறுவும் சுமை முழுவதும் ஒருவர் தோளிலேயே விழுந்தது.

சார்பிருப்பு வாதம்

காப்பிள்ஸ்டன் லைப்னிட்சின் வழியில் தொடங்குகிறார். உலகில் நாம் காணும் பொருள்கள் தம் இருப்பிற்கான காரணத்தைத் தம்முள் கொண்டிருக்கவில்லை. உலகம் என்பது அத்தகைய பொருள்களின் தொகுதியேயன்றி வேறன்று. ஆதலின் அத்தொகுதிக்குப் புறம்பே, தன் இருப்பிற்குத் தானே காரணமாகிய ஒன்று, அதாவது இல்லாதிருக்க இயலாத ஒன்று, இருத்தல் வேண்டும்.

இங்கு ‘காரணம்’ என்னும் சொல் தமிழ் வாசகரைத் திசைதிருப்பக்கூடும். சிவஞானபோதத்தின் முதல் நூற்பா உலகின் தோற்றம், நிலை, ஒடுக்கம் ஆகியவற்றைக் கொண்டு வினைமுதலை நிறுவுகிறது. காப்பிள்ஸ்டனின் வாதத்திற்கோ உலகம் தோன்றியதா, தொடக்கமற்றதா என்னும் வினாவே தேவையில்லை. காலத்தில் பின்னோக்கி முடிவின்றி நீளும் தொடரும் ஏன் இருக்கிறது என்பதே அவர் வினா. இரண்டையும் ‘முதற்காரண வாதம்’ என்று ஒரே பெயரில் அடக்குவது பிழை.

ரசல் வாதத்தின் படிகளுக்குள் நுழையாமல் அதன் கலைச்சொல்லையே மறுக்கிறார். ‘இன்றியமையாதது’ என்னும் அடை கூற்றுகளுக்கே பொருந்தும்; பொருள்களுக்குப் பொருந்தாது. கூற்றுகளிலும், மறுத்தால் தன்முரணாகும் பகுப்புக் கூற்றுகளே இன்றியமையாதவை. ‘இருக்கிறது’ என்பது அத்தகைய கூற்றாக ஒருபோதும் அமையாது. காப்பிள்ஸ்டன் இதற்கு விடை அளிக்கிறார்: சார்பிருப்பு உண்டெனில் இன்றியமையா இருப்பும் உண்டு என்பது இன்றியமையாத கூற்று, சார்பிருப்பு உண்டு என்பதோ அனுபவத்தால் அறியப்படுவது. ரசலின் தருக்க முறையை ஏற்றால்தான் அச்சொல் பொருளற்றதாகும் என்பது அவர் வாதம். இருவரும் ஒருவரையொருவர் கடந்து பேசுகின்றனர் என்று இவ்விடத்தில் தோன்றுவது உண்மைதான். ஆயினும் பிளவு எங்குள்ளது என்பதை இத்துணைத் துல்லியமாகக் காட்டும் விவாதங்கள் அரியவை.

ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு. அதனால் மனித இனத்திற்கே ஒரு தாய் உண்டு எனல் ஆகுமா என்னும் ரசலின் எடுத்துக்காட்டு பெரிதும் புகழ்பெற்றது. வகுப்பறைகளில் அதுவே இறுதி அடியாகக் காட்டப்படுவதுண்டு. அது மிகையான மதிப்பீடு. தொடருக்குள் உள்ளதைப் போன்ற மற்றொரு காரணத்தைத் தொடருக்கும் கற்பித்தால்தான் அக்குறை பொருந்தும். தாம் கூறுவது தொடரைக் கடந்த காரணம் என்று காப்பிள்ஸ்டன் உடனே மறுமொழி தருகிறார். ரசலின் வலிமை வேறிடத்தில் உள்ளது. தீக்குச்சியைப் பெட்டியில் உரசியதே சுடருக்குப் போதிய விளக்கம் ஆகாதா என வினவுகிறார் அவர். நடைமுறைக்கு ஆகும், ஆயின் அது பகுதி விளக்கமே, முழுமையான விளக்கம் வேண்டும் என்கிறார் காப்பிள்ஸ்டன். அத்தகைய விளக்கம் கிடைக்காது, அதனை எதிர்பார்க்கவும் கூடாது என்பது ரசலின் விடை. போதிய காரணக் கொள்கையை ஏற்பவருக்கும் ஏற்காதவருக்கும் இடையிலான எல்லைக்கோடு இதுவே. இவ்விடத்திற்குப் பின் வாதம் நகர இயலவில்லை. சதுரங்கப் பலகை முன் அமரவே மறுப்பவரைத் தோற்கடிக்க இயலாது எனக் காப்பிள்ஸ்டன் குறைபட்டார்.

சமய அனுபவம், அறம்

சமய அனுபவம் பற்றிய பகுதி மெலிந்தது. காப்பிள்ஸ்டனே அதனைக் கண்டிப்பான நிறுவலாக முன்வைக்கவில்லை. கதைமாந்தரும் ஒருவர் வாழ்வை மாற்றக்கூடும் என்னும் ரசலின் மறுப்பு அதற்குப் போதுமானது.

அறம் பற்றிய பகுதியில் நிலைமை மாறுகிறது. நன்மை தீமைகளை உணர்வால் வேறுபடுத்துவதாகக் கூறும் ரசல், நீலத்தையும் மஞ்சளையும் வேறுபடுத்துவதோடு அதனை ஒப்பிடுகிறார். நிறங்களைக் கண்ணால் அறிகிறோம். பெல்சன் வதைமுகாம் தலைவனின் செயல் தீயது என்பதை எதனால் அறிகிறோம் என்பது காப்பிள்ஸ்டனின் வினா. காமாலையுற்றோருக்கு யாவும் மஞ்சளாகத் தோன்றும். அது தவறென நிறுவ இயலாது, எனினும் பெரும்பாலோர் தம்மோடு உடன்படுவர். அவ்வாறே அத்தலைவனும் தவறிழைத்தான் என்பதில் பெரும்பாலோர் உடன்படுவர் என்கிறார் ரசல். பெரும்பான்மையைச் சான்றாக்கும் இவ்விடை, அவரது தருக்கக் கண்டிப்பின் முன் தளர்ந்து நிற்கிறது. பிரித்தானியப் படைகள் பெல்சனுக்குள் நுழைந்தது 1945 ஏப்ரலில். மூன்றாண்டுகூட நிறைவுறாத அந்நாளில், வானொலிமுன் அமர்ந்திருந்தோருக்கு அப்பெயர் வெறும் எடுத்துக்காட்டாக ஒலித்திருக்க இயலாது. எனினும் ரசலின் அறக்கோட்பாடு தளர்ந்தது என்பதிலிருந்து, அறச்சட்டத்திற்கு இறைவனே மூலம் என்பது தானாகப் பெறப்படாது. அந்த இடைப்படியைக் காப்பிள்ஸ்டன் அன்று நிறுவவில்லை.